யாக்கூப் பாயின் ஓட்டம்

யாக்கூப் பாய் மணமேல்குடி வரைக்கும் ஓடியே போய்விட்டார் என்ற சேதி வந்தபோது, அவர் மனைவி சம்சுன் நிஹார் வாசலில் நின்று சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ஓடப் போகிற மனுசர், இடியாப்பம் வெந்து இறங்கும் நேரத்துக்கு வேர்வையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்து நிற்பார். அன்றைக்கு இடியாப்பம் தட்டிலேயே விறைத்துப் போயிருந்தது. பள்ளிவாசல் முக்கில் யாராவது பிடித்து நிறுத்தியிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். ஊரோடு வந்து இரண்டு வருசம் ஆகியும், அவரை நிறுத்திவைத்துச் சவுதிக் கதை கேட்கிற ஆட்கள் மீமிசலில் இருக்கத்தான் செய்தார்கள்.

போனில் பேசியவர் மணமேல்குடி டீக்கடைக்காரர்.

“அம்மா, இங்க ஒரு பாய் வந்து உக்காந்திருக்காருங்க. பனியன், பூட்சு எல்லாம் போட்டிருக்காரு. வேர்த்து ஊத்துது. கையில காசு இல்லங்கிறாரு. இந்த நம்பர மட்டும் சொல்லிக் கூப்புடச் சொன்னாரு.”

“அடி கிடி பட்டிருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு டீ குடிச்சிட்டாரு. எப்புடி பாய் வந்தீங்கன்னா ஓடி வந்தேங்கிறாரு. மீமிசல்லேர்ந்து இம்புட்டுத் தூரம் ஒரு மனுசன் ஓடி வருவாரா? அதான் கேக்குறேன்.”

அவளுடைய தம்பி முகமது அஸ்வர் செல்போன் கடை வைத்திருந்தான். கடையை அப்படியே போட்டுவிட்டுக் காரில் போய் மச்சானைக் கூட்டிவந்தான். காரை விட்டு இறங்கும்போதே கத்தினான்.

“லாத்தா, இருபது கிலோமீட்டரு! இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா அரை மாரத்தான். இந்த வயசுல! இம்புட்டுத் தூரம் ஓடிப் பழக்கம் இல்ல, பயிற்சி இல்ல, சும்மா ஓடியிருக்காரு மனுசன்!”

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டான். மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. சாயங்காலம் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன இடத்தில் இளைஞர் சங்கத்துப் பையன்கள் அவருக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். புதுக்கோட்டையில் தை மாதக் கடைசியில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கப்போகிறது என்று கண்டுபிடித்து, இரவு கடை சாத்துவதற்குள் அஸ்வர் அவர் பேரைப் பதிந்தும்விட்டான்.

எல்லாரும் போன பிறகு சம்சுன் நிஹார் வெந்நீரில் உப்புப் போட்டு அவர் காலடியில் வைத்தாள்.

“ஏங்க, தெனமும் பாலத்துல திரும்பிடுவீங்களே. இன்னைக்கி ஏன் திரும்பல?”

வெந்நீருக்குள் இருந்த தன் கால்விரல்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலம் வரலியே, நிஹாரு.”

 மீமிசலைத் தாண்டினால் பாலம். அவர்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னாலேயே போட்ட பாலம். அது எப்படி வராமல் போகும்?

இருபத்தாறு வருசம் சவுதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டியவர் யாக்கூப். உட்கார்ந்தே ஓட்டி ஓட்டிச் சர்க்கரை வந்தபோது, கேம்பில் உடன் இருந்த நேபாளி ஒருவன்தான் அவரை ஓடப் பழக்கினான். வேலை முடிந்து வந்ததும் கேம்புச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். ஊருக்கு வந்தும் அதை விடவில்லை. வேகமெல்லாம் கிடையாது. சோற்றுப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி, மேலுடம்பு ஆடாமல், குட்டிக் குட்டி எட்டாக வைத்து ஓடுவார். மூச்சு இரைக்காது. ஓடிக்கொண்டே ஸலாம் சொல்வார், ஓடிக்கொண்டே துக்கம் விசாரிப்பார்.

பாலம் வராமல் போன நாளுக்குப் பிறகு வேறு வேறு காரியங்களும் நடந்தன. மீன்காரம்மாவிடம் இந்தியில் விலை கேட்டார். ஒருநாள் விடியக்காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர், கம்பெனி பஸ் இன்னும் வரவில்லையே என்றார். நாலு ரக்அத் தொழ வேண்டிய இடத்தில் ஆறு தொழுகிறார் என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அஸ்வரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “குத்தமாச் சொல்லல தம்பி, கொஞ்சம் பாருங்க” என்றாராம்.

தஞ்சாவூரில் காட்டினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இது மறதி நோய், வயசுக்கு முந்தியே வந்திருக்கிறது, மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், திருப்பாது என்றார்.  சம்சுன் நிஹார் ஒன்று கேட்டாள்.

“இவங்க தெனமும் ஓடுவாங்க டாக்டர். நிறுத்திரணுமா?”

“எதுக்கும்மா நிறுத்தணும்? நெஞ்சு, காலு எல்லாம் சின்னப் பையன் மாதிரி இருக்கு. ஓடட்டும். தனியா மட்டும் விடாதீங்க.”

தனியாக விடாமல் எப்படி ஓடவிடுவது? அஸ்வருக்குப் பள்ளிவாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். மகள் சாமியா கல்யாணமாகிச் சென்னையில் இருந்தாள். அவள் கல்லூரிக்கு ஓட்டிப்போன ஸ்கூட்டி கொல்லைக் கொட்டகையில் கோழி எச்சம் படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, அம்பது வயசில் சம்சுன் நிஹார் ஓட்டப் பழகினாள். உப்பளத்துப் பொட்டலில் அஸ்வர் பின்னால் பிடித்துக்கொண்டு வர, மூன்று தடவை விழுந்தாள். முழங்கைச் சிராய்ப்பில் மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் ஏறினாள்.

அதற்கப்புறம் தினமும் இருட்டுப் பிரிகிற நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தக் காட்சி நடந்தது. முன்னால் யாக்கூப் பாய் ஓடுவார். பின்னால் பர்தாவும் ஹெல்மெட்டுமாக அவள் ஸ்கூட்டியில் உருட்டிக்கொண்டே போவாள். வண்டியின் முன்பக்கத்தில் தண்ணீரும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும், பேரீச்சம்பழமும் இருக்கும். மீன் லாரிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு போகும். காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை, கரைப் பக்கமிருந்து அடித்தால் கருவேலங்காட்டு வாசனை.

பக்கத்து வீட்டு ராக்காயி கேட்டேவிட்டாள். “என்ன சம்சு, பாய முன்னால ஓடவிட்டு நீ வண்டியில வெரட்டிக்கிட்டுப் போறியாமே? பஸ்ஸுல வந்தவுங்க சொல்லிச் சிரிக்கிறாங்க.”

“ஆமா ராக்காயி. இத்தன வருசம் சவுதிக்கு ஓடிக்கிட்டிருந்தாருல்ல, இப்பத்தான் வெரட்டிப் பிடிக்கிறேன்” என்று சொல்லி அவளும் சிரித்தாள். உள்ளே போய் மறுநாள் சாற்றுக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தாள்.

புதுக்கோட்டை ஓட்டக்காரர்கள் குழுவில் இருந்த நிலவழகன் என்ற உடற்கல்வி ஆசிரியரை அஸ்வர் வீட்டுக்குக் கூட்டிவந்தான். விசயத்தைச் சொன்னதும் அவர் யாக்கூபின் பூட்ஸை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “பந்தயத்துல வண்டியெல்லாம் பின்னாடி விட மாட்டாங்கம்மா. நான் பாய் பக்கத்துலயே ஓடுறேன். எனக்கு நேரம் முக்கியமில்ல” என்றார். வாரத்தில் ஒருநாள் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள், மறுநாள் ஓடவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார். நண்டு ஆணமும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தூரம் கூடக்கூட அவர்கள் சாலையில் இருக்கும் நேரமும் கூடியது. அந்த நேரத்தில்தான் அவர் பேசினார். கல்யாணமாகி முப்பது வருசத்துக்குப் பக்கம். இரண்டு மாச லீவுகளைக் கூட்டிப் பார்த்தால் சேர்ந்திருந்தது நாலைந்து வருசம்கூடத் தேறாது. போனில் பேசியதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், பணம் வந்துவிட்டதா என்பதுதான். இப்போது ஸ்கூட்டியைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனால், ஓடிக்கொண்டே தம்மாமைத் திறந்தார்.

“மணக்காத்து அடிச்சிச்சு பாரு நிஹாரு, முன்னால ரோடே தெரியல. வண்டிய நிறுத்திட்டேன். கண்ணாடிய ஏத்திக்கிட்டு ரெண்டு நாளு உள்ளயே கெடந்தேன். காஞ்ச குப்பூசு ரொட்டி ரெண்டு, வெங்காயம் ஒண்ணு. அவ்வளவுதான்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“சொன்னா நீ அழுவ. போன் கார்டுல காசு போயிரும்.”

அவள் சிரித்தாள். வண்டியைக் கொஞ்சம் பின்தங்கவிட்டு, ஹெல்மெட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அழுதாள். மறுநாளும் அதே மணற்காற்று அடித்தது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாகக் கேட்பவள் மாதிரி, “அப்பறம்?” என்று கேட்டாள்.

சாமியா போனில் சண்டை போட்டாள்.

“அம்மா, ஒங்களுக்கும் மாமாவுக்கும் புத்தி கெட்டுப் போச்சா? அத்தாவுக்கு இருக்கிற வியாதி என்ன, நீங்க செய்யிற வேல என்ன? லாரி போற ரோட்டுல ஓடவிடுறீங்க!”

“நான் கூடத்தான்டி போறேன்.”

“கூடப் போயி? அவுங்க குறுக்க பாஞ்சா நீங்க பிடிச்சிருவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்பறம்? வீட்டுல வச்சிக் கதவப் பூட்டுங்கம்மா.”

“பூட்டிப் பாத்தேன் சாமியா. ஒருநா மழையின்னு பூட்டினேன். கதவுகிட்டயே நின்னாரு. கோவிக்கல, தட்டல. நாதாங்கியத் தடவிக்கிட்டே நின்னாரு, சுபுஹுலேர்ந்து மத்தியானம் லுஹரு வரைக்கும். ரோட்டுல ஓடுறப்ப மட்டுந்தான்டி அவரு பழைய ஆளா இருக்காரு. அத எப்புடி நான் பூட்டுறது? நீ சொல்லு, நான் கேக்குறேன்.”

மறுபக்கத்தில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 

மார்கழிப் பனி இறங்கிய ஒருநாள் உப்பளத்தோரம் அவர் சட்டென்று நின்றுவிட்டார். வழக்கமாக அவர் நடுவில் நிற்கிறவர் அல்ல. அவளும் வண்டியை நிறுத்தினாள். பாத்திகளில் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது.

“தஞ்சாவூரு டாக்டரு என்ன சொன்னாரு?”

“சுகருக்குத்தான் மாத்திர குடுத்தாரு. அதான் சொன்னேனே.”

“பொய் சொல்லாத நிஹாரு.”

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

“மறதின்னாரு” என்றாள். “கொஞ்சம் கொஞ்சமாக் கூடுமாம்.”

“திரும்புமா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியுது. பனியில வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. வைப்பர் போட்டா ஒரு நிமிசம் பளிச்சின்னு தெரியுது. ஒடனே மூடிக்கிது. நேத்து மகளோட பேரு வரல. போன்ல அவ அத்தா அத்தாங்கிறா. நான் ஆமாம்மா, ஆமாம்மாங்கிறேன்.”

“வந்துச்சுல்ல அப்பறம்?”

“வந்துச்சு. சோறு திங்கயில வந்துச்சு.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். “ஒன்னையும் மறந்துட்டா என்ன செய்வ?”

“என்னத்தச் செய்யிறது? பின்னாலயே வருவேன்.”

“யாரு இந்தப் பொம்பள, பின்னாலயே வருதுன்னு நான் வெரட்டுவேன்.”

“வெரட்டுங்க. வண்டிதான் இருக்கே.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இதுதான் சமயம் என்று அவளுக்குத் தோன்றியது. புதுக்கோட்டை வேண்டாம், பேரை எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“புதுக்கோட்டைக்கு நம்ம போயிருவோம்” என்றார் அவர், அவள் சொல்வதற்குள். “ஒருக்கா முழுசா ஓடிப் பாக்கணும். அங்க எல்லாரும் ஒரே பக்கமாத்தான ஓடுவாங்க? நமக்கு வழி எப்புடித் தப்பும்?”

அவள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, “சரிங்க” என்றாள்.

அன்றைக்குத்தான் கடைசியாக அவர் அப்படிப் பேசினார்.

தை பிறந்ததும் இறக்கம் வேகமாக வந்தது. பூட்ஸ் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று பார்ப்பார். அவள் குனிந்து கட்டிவிடுவாள். சாலையில் இறங்கினால் கால்கள் தாமாக ஓடின. ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. மணற்காற்றும் இல்லை, குப்பூசும் இல்லை. அவளாகவே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். “மணக்காத்துல வண்டிய நிறுத்திட்டீங்க. அப்பறம்?” பூட்ஸ் தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஓட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று ஒருகாலத்தில் ரகசியமாக துஆ கேட்டவள், இப்போது அதையாவது விட்டுவை என்று கேட்க ஆரம்பித்தாள்.

போகலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்க முடியாமலேயே நாள் வந்துவிட்டது. அஸ்வர் காரில் கூட்டிப்போனான். அவனுடைய சிநேகிதர் வீட்டில் தங்கினார்கள். யாக்கூப் நன்றாகவே தூங்கினார். விடியக்காலையில் தொழுதார். அவள் பழத்தையும் ரொட்டியையும் கொடுத்தாள், தின்றார். பனியனில் நம்பர் அட்டையைக் குத்திவிடும்போது கையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மாதிரி நின்றார். “பாருங்க லாத்தா, எவ்வளவு ஜம்முன்னு இருக்காரு. ஓடிருவாரு” என்றான் அஸ்வர். அவளுக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

மைதானத்துக்கு வந்ததும் அது போய்விட்டது. பாலைவனத்து லாரி வெளிச்சத்தைப் போல் விளக்குகள். பெரிய பெரிய ஒலிபெருக்கிகளில் நெஞ்சு அதிரப் பாட்டு. ஒரே மாதிரி பனியன் போட்டவர்கள் கூட்டமாகக் குதித்துக் கைகால் ஆட்டினார்கள். யாக்கூப் அவள் கையைப் பிடித்தார். பிடித்த பிடி இறுகிக்கொண்டே போனது. நிலவழகன் வந்து, “பாய், நம்ம மெதுவாப் போவோம், அவசரமே இல்ல” என்று தோளைத் தொட்டார். யாக்கூப் தோளை இழுத்துக்கொண்டார்.

“வேணாம் சார், விட்டுருவோமா?” என்றாள் சம்சுன் நிஹார்.

“ஓட ஆரம்பிச்சா சரியாயிரும்மா. கால் பழகியிருக்குல்ல.”

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டாள். ஓடுகிறவர்களை மட்டும் விட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் எண்ணினார்கள். சங்கு ஊதியது. கூட்டம் மொத்தமாக நகர்ந்தது.

யாக்கூப் நின்றார்.

இரண்டு பக்கமும் ஆட்கள் அவரை இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் ஓடினார்கள். நிலவழகன் கையைப் பிடித்து, “வாங்க பாய், வாங்க” என்று இழுத்துப் பார்த்தார். அவர் கையை உதறிவிட்டு, இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போய்விட்ட பிரயாணி மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். சம்சுன் நிஹார் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள்.

“என்னங்க, ஓடுங்க. எல்லாரும் போறாங்க பாருங்க. நம்ம ரோட்டுல ஓடுவீங்கள்ல, அதே மாதிரி.”

அவர் அவளைப் பார்த்தார். அந்நியப் பெண்ணிடம் காட்டுகிற மரியாதையோடு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

தான் முன்னால் ஓடினால் அவர் கால் தொடரும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ, தெரியவில்லை. பர்தாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் ஓடினாள். வாழ்க்கையில் எதற்கும் அப்படி ஓடியதில்லை. செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. “இப்புடித்தான். வாங்க. வாங்க” என்று கத்திக்கொண்டே போனாள். யார் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்றெல்லாம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சு முட்டி நின்று திரும்பினாள்.

அவர் வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். கையில் அவளுடைய செருப்பு. இன்னொரு கையை நீட்டி, பின்னால் வருகிற ஆட்களை ஒதுங்கிப் போகச்சொல்லிச் சைகை காட்டிக்கொண்டே வந்தார்.

“பாத்தும்மா, பாத்து. விழுந்துறாதீங்க. இப்புடி ஓரமா வாங்க.”

செருப்பை அவள் காலருகே வைத்தார். அவளைத் தொடாமல், கூட்டம் இடிக்காதபடி மறைத்து, சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்தார்.

“தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலியா?”

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எங்கிட்டுப் போகணும்?”

“மீமிசலுக்கு.”

அவர் முகம் மலர்ந்தது. “அட, நம்ம ஊரு! மீமிசல்ல யாரு வீடு?”

அவர் நெஞ்சில் நம்பர் அட்டையின் ஒரு மூலை ஊசி கழன்று தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“யாக்கூப் பாய் வீடு.”

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கி, பிறகு தெளிந்தது.

“அவரு சவுதியில இல்ல இருக்காரு?”

தூரத்தில் அஸ்வரும் நிலவழகனும் ஓடி வருவது தெரிந்தது. அவர்களை அங்கேயே நிற்கும்படி கையைக் காட்டினாள்.

“ஆமாங்க” என்றாள். “இன்னும் வரல.”

“வந்துருவாரு. போனவங்க வராம எங்க போறாங்க? அழுவாதீங்கம்மா. வாங்க, நான் கொண்டாந்து விடுறேன்.”

அவர் முன்னால் நடந்தார். கடைசியாகக் கிளம்பிய சிலர் அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் சாலையின் ஓரமாகவே, நிதானமாக, பத்தடிக்கு ஒருதரம் நின்று, அந்தப் பெண் பின்னால் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே போனார்.